கருவிலிருக்கும் குழந்தையின் நுரையீரல் சிறியதா? ஸ்கேன் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அனாமலி ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘நுரையீரல் சிறிதாகத் தெரிகிறது’ என்றோ ‘எல்எச்ஆர் 1.1’ (நுரையீரலின் அளவைத் தலையோடு ஒப்பிடும் எண்) என்றோ ஒரு வரி இருந்தால் போதும், அன்றைக்கு அந்த வீட்டில் யாருக்கும் தூக்கம் வராது. டாக்டர் பேசியதில் பாதி காதில் ஏறியிருக்காது, மீதிக்கு செல்போனில் தேடினால் ஒரு பக்கம் ‘எல்லாம் சரியாகிவிடும்’, இன்னொரு பக்கம் ‘பிழைக்காது’. இரண்டுமே உங்கள் குழந்தையைப் பார்த்துச் சொன்னது கிடையாது. ஸ்கேனில் உண்மையில் என்னதான் அளக்கிறார்கள், அந்த எண் எங்கே கைகொடுக்கும், எங்கே ஏமாற்றும் என்று இங்கே பார்ப்போம். உங்கள் டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போவதற்குத்தான் இது, அவருக்குப் பதிலாக அல்ல.

நுரையீரல் வளரவில்லை என்பதும் முதிரவில்லை என்பதும் ஒன்றுதானா?

இல்லை, முக்கால்வாசிக் குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. முதிராத நுரையீரல் என்பது குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளின் பிரச்சினை. அளவு அந்த வாரத்துக்கு ஏற்ற மாதிரிதான் இருக்கும், ஆனால் காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் என்ற பொருள் போதுமான அளவு சுரந்திருக்காது. வளர்ச்சி குன்றிய நுரையீரலிலோ காற்றுக்குழாய்க் கிளைகள், காற்றறைகள், அவற்றைச் சுற்றியுள்ள இரத்தக்குழாய்கள் எல்லாமே எண்ணிக்கையில் குறைவு. முதலாவது, அறையெல்லாம் கட்டி முடித்துப் பூச்சு வேலை மட்டும் பாக்கி இருக்கும் வீடு. இரண்டாவது, பத்து அறை இருக்க வேண்டிய இடத்தில் மூன்றே அறை கட்டிய வீடு. பூச்சு வேலைக்கு ஊசியும் மருந்தும் உண்டு. அறை கட்ட மருந்து இல்லை.

ஸ்கேன் பார்ப்பது பெரும்பாலும் இரண்டாவதைத்தான், அதாவது அளவை. முதிர்ச்சியையும் ஸ்கேனிலேயே பார்த்துவிடலாமா என்று 1980களில் நுரையீரலின் வெளுப்பைக் கல்லீரலின் வெளுப்போடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள், நம்பும்படி அமையவில்லை. இப்போது கணினியை வைத்துப் படத்தின் இழையமைப்பை அலசும் முறைகள் வந்திருக்கின்றன, ஆனாலும் அன்றாட சிகிச்சையில் அவை இன்னும் இடம்பிடிக்கவில்லை.

வயிற்றுக்குள் குழந்தை மூச்சே விடாதே, அப்புறம் நுரையீரல் எப்படி வளர்கிறது?

மூச்சு விடும், காற்றைத்தான் இழுக்காது. ஸ்கேனில் பார்த்தால் மார்பும் வயிறும் ஏறி இறங்குவது தெரியும். நுரையீரலே ஒரு திரவத்தைச் சுரந்துகொண்டிருக்கும், அது மூச்சுக்குழாய் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிப் பனிக்குட நீரில் கலக்கும். குரல்வளை அதைச் சட்டென்று வெளியே விடாமல் பிடித்து வைப்பதால் உள்ளே ஒரு லேசான அழுத்தம் எப்போதும் இருக்கிறது. அந்த அழுத்தமும் மூச்சு அசைவும் சேர்ந்துதான் நுரையீரலை விரிக்கின்றன, வளர்க்கின்றன. இந்த விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே பலூன் சிகிச்சை பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

காற்றுக்குழாய்கள் கிளை பிரிவது ஏறக்குறைய 16-17 வாரத்துக்குள் முடிந்துவிடும். அதற்குப் பிறகு 26 வாரம் வரை இரத்தக்குழாய்களும் காற்றறைக்கான அடித்தளமும் உருவாகின்றன. உண்மையான காற்றறைகள் கடைசி மாதத்தில் தொடங்கி, பிறந்து சில வருஷங்கள் வரை பெருகிக்கொண்டே போகும். அதனால் தடங்கல் எந்த வாரத்தில் வந்தது என்பது, என்ன தடங்கல் என்பதற்குச் சமமாக முக்கியம்.

ஏன் சில குழந்தைகளுக்கு வளராமல் போகிறது?

பெரும்பாலும் நுரையீரலில் கோளாறு இருக்காது, அதற்கு வளர இடமோ நீரோ கிடைத்திருக்காது. மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் உதரவிதானத்தில் ஓட்டை விழுந்து குடல், இரைப்பை, கல்லீரல் எல்லாம் மார்புக்குள் ஏறிவிடுவது ஒரு காரணம். டயஃபிரமாட்டிக் ஹெர்னியா, சுருக்கமாக சிடிஎச் என்பார்கள், ஏறக்குறைய 2,500 முதல் 3,000 பிரசவத்துக்கு ஒன்று, பெரும்பாலும் இடப்பக்கம். பனிக்குட நீர் இல்லாமல் போவது இன்னொன்று. குழந்தைக்கு இரண்டு சிறுநீரகமும் உருவாகாமலிருக்கலாம், சிறுநீர்ப் பாதை அடைபட்டிருக்கலாம், அல்லது பனிக்குடம் சீக்கிரமே உடைந்திருக்கலாம். மார்புக்கூடே குறுகியிருக்கும் எலும்பு நோய்கள், நுரையீரலைச் சுற்றி நீர் கோப்பது, நுரையீரலிலேயே வரும் கட்டி, மூச்சு அசைவே இல்லாத அளவுக்குத் தசை நரம்பு நோய் என்று மற்றவையும் உண்டு.

எத்தனையாவது வாரத்தில் தெரியும்?

18 முதல் 22 வாரத்துக்குள் எடுக்கும் அனாமலி ஸ்கேனில்தான் பெரும்பாலும் முதல் சந்தேகம் வரும். சிடிஎச் என்றால் இதயத்தின் நான்கு அறைகளைப் பார்க்கும் அதே குறுக்குவெட்டில் இதயத்துக்குப் பக்கத்திலேயே இரைப்பை கறுப்புக் குமிழாகத் தெரியும், இதயம் வலப்பக்கம் தள்ளப்பட்டிருக்கும். இரைப்பை கீழேயே இருந்து குடல் மட்டும் ஏறியிருந்தால் தவறவிட வாய்ப்பு உண்டு. அப்புறம் 28, 30 வாரத்தில் வளர்ச்சி பார்க்க எடுக்கும் ஸ்கேனில் தற்செயலாகக் கண்ணில் படும். ‘முதல் ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றார்களே’ என்று கோபப்படுவது நியாயம்தான், ஆனால் உறுப்புகள் பின்னால்கூட மேலே ஏறலாம்.

சிறுநீரகம் இல்லாத குழந்தையிலும் இதே மாதிரி ஒரு பொறி இருக்கிறது. 16 வாரத்துக்கு முன்பு பனிக்குட நீர் குழந்தையின் சிறுநீரை நம்பி இருப்பதில்லை, அதனால் 12-13 வார ஸ்கேனில் நீர் இயல்பாகவே தெரியும். 16 வாரத்துக்குப் பிறகுதான் நீர் வற்றிப்போனது புரியும்.

நுரையீரலை எப்படி அளக்கிறார்கள்? எல்எச்ஆர் என்றால் என்ன?

சிடிஎச்சில் ஓட்டை இருக்கும் பக்கத்து நுரையீரல் நசுங்கிப்போய் அளக்கவே கிடைக்காது, அதனால் எதிர்ப்பக்கத்து நுரையீரலை அளக்கிறார்கள். இடப்பக்க ஓட்டை என்றால் வலது நுரையீரல். இதயத்தின் நான்கு அறை தெரியும் குறுக்குவெட்டில் அதன் பரப்பளவைச் சதுர மில்லிமீட்டரில் எடுத்து, தலைச் சுற்றளவு மில்லிமீட்டரால் வகுத்தால் வருவதுதான் எல்எச்ஆர், நுரையீரல்-தலை விகிதம். 1996-இல் சான் பிரான்சிஸ்கோ மருத்துவக் குழு இதை வெளியிட்டது. 1-க்குக் கீழே என்றால் மோசம், 1.4-க்கு மேலே என்றால் நல்லது என்ற கணக்கு அதையொட்டி வந்ததுதான், இன்றும் பல ரிப்போர்ட்டுகளில் அதுவே ஓடிக்கொண்டிருக்கிறது.

என் ரிப்போர்ட்டில் எல்எச்ஆர் 1.2 என்று இருக்கிறது. நல்லதா, கெட்டதா?

எத்தனை வாரத்தில் எடுத்தது? அது தெரியாமல் யாரும் பதில் சொல்லக்கூடாது.

12 வாரத்திலிருந்து 32 வாரத்துக்குள் நுரையீரலின் பரப்பு ஏறக்குறைய 16 மடங்கு பெருகும், தலைச் சுற்றளவோ 4 மடங்குதான் பெருகும். அப்படியானால் எந்த நோயும் இல்லாத குழந்தைக்கே எல்எச்ஆர் வாராவாரம் ஏறிக்கொண்டே போகும். 22 வாரத்தில் 1.2 என்பதும் 32 வாரத்தில் அதே 1.2 என்பதும் ஒன்றாக முடியாது, இரண்டாவது ரொம்பவே கவலைக்குரியது. இந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான் 2007-இல் வேறொரு கணக்கு வந்தது: உங்கள் குழந்தையின் எல்எச்ஆரை, அதே வாரத்தில் இயல்பான குழந்தைக்கு இருக்க வேண்டிய எல்எச்ஆரால் வகுத்துச் சதவீதமாகச் சொல்வது. ஓ-பை-ஈ எல்எச்ஆர் என்று சொல்வார்கள். பேச்சுக்கு, அளந்தது 0.9, இருக்க வேண்டியது 3 என்றால் 30 சதவீதம்.

இடப்பக்க சிடிஎச்சில் 25 சதவீதத்துக்குக் கீழே கடுமையானது. 25 முதல் 35 வரையும், கல்லீரல் மேலே ஏறியிருந்தால் 45 வரையும் நடுத்தரம். அதற்கு மேலே லேசானது, அந்தக் குழந்தைகளில் பெரும்பாலானோர் நல்ல வசதியுள்ள மையங்களில் பிழைத்துவிடுகிறார்கள். ரிப்போர்ட்டில் வெறும் எல்எச்ஆர் மட்டும் இருந்தால் சதவீதத்தையும் கேளுங்கள். வாரமும் அளந்த முறையும் கையில் இருந்தால் கணக்குப் போட ஒரு நிமிஷம்தான் ஆகும்.

கல்லீரல் மேலே ஏறியிருக்கிறது என்கிறார்கள். அதில் என்ன பெரிய விஷயம்?

குடல் மெத்தென்று இருக்கும், கல்லீரல் கெட்டியாக நிறைய இடம் பிடிக்கும். கல்லீரல் மார்புக்குள் இருக்கிறது என்றால் ஓட்டை பெரியது, அதுவும் ரொம்ப நாளாக நுரையீரலை அழுத்திக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். எல்எச்ஆருக்கு அடுத்தபடியாகப் பிழைக்கும் வாய்ப்பைச் சொல்வது இதுதான். கல்லீரலும் நுரையீரலும் ஸ்கேனில் ஒரே மாதிரி சாம்பல் நிறத்தில் தெரிவதால், எங்கே ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்று கண்டுபிடிப்பது லேசு இல்லை. இரத்த ஓட்டத்தைக் காட்டும் கலர் டாப்ளர் போட்டுக் கல்லீரலின் இரத்தக்குழாய்கள் எந்தப் பக்கம் வளைந்து போகின்றன என்று பார்ப்பார்கள்.

இரண்டு இடத்தில் எடுத்தோம், இரண்டு எண் வந்திருக்கிறது. யாரை நம்புவது?

எப்படி அளந்தார்கள் என்று கேளுங்கள். நுரையீரலின் ஓரத்தைச் சுற்றிக் கோடு வரைந்து பரப்பு எடுக்கும் முறை ஒன்று. நீளத்தையும் அகலத்தையும் பெருக்கும் முறை இன்னொன்று. பெருக்கினால் எண் கூடுதலாக வரும், ஏனென்றால் நுரையீரல் செவ்வகம் கிடையாது. சுற்றிக் கோடு வரைவதுதான் ஆளுக்கு ஆள் குறைவாக மாறுகிறது என்று இப்போது அதையே விரும்புகிறார்கள். ஒரு முறையில் அளந்துவிட்டு வேறொரு முறைக்கான அட்டவணையோடு ஒப்பிட்டால் சதவீதமே தப்பாகிவிடும். விலா எலும்பின் நிழல் விழுந்தாலும், குழந்தை புரண்டு படுத்திருந்தாலும் மாறும். வருஷத்துக்கு ஒரு சிடிஎச் பார்க்கும் இடத்தின் எண்ணைவிட, கருவிலிருக்கும் சிசுவுக்கான மருத்துவத்துக்கென்றே இருக்கும் மையத்தின் எண்ணை நான் நம்புவேன்.

எம்ஆர்ஐ எடுக்கச் சொல்கிறார்கள். ஸ்கேன் போதாதா?

ஸ்கேன் கொடுப்பது ஒரு வெட்டின் பரப்பு, எம்ஆர்ஐ கொடுப்பது இரண்டு நுரையீரலின் மொத்தக் கன அளவு, நசுங்கிய நுரையீரலும் சேர்த்து. கல்லீரல் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதும் அதில் தெளிவு. தாய் பருமனாக இருந்தாலோ, பனிக்குட நீர் இல்லாமல் ஸ்கேனில் எல்லாம் மங்கலாக இருந்தாலோ நிஜமாகவே பயன்படும். கதிர்வீச்சு கிடையாது, சாய மருந்தும் போட மாட்டார்கள். ஆனால் ஸ்கேன் தெளிவாக இருந்து, எம்ஆர்ஐ வந்தாலும் முடிவு எதுவும் மாறப்போவதில்லை என்றால் ‘இதை எடுத்து என்ன செய்யப் போகிறோம்?’ என்று தயங்காமல் கேட்கலாம், செலவு உங்களுடையது.

பனிக்குடம் சீக்கிரம் உடைந்துவிட்டது. நுரையீரல் எப்படி இருக்கும் என்று ஸ்கேன் சொல்லுமா?

இங்கேதான் ஸ்கேன் ரொம்பத் திணறுகிறது. அளவைவிடத் தேதிதான் அதிகம் சொல்கிறது: எந்த வாரத்தில் உடைந்தது என்பதே முதல் கேள்வி. 20 வாரத்துக்கு முன் உடைந்தால் நுரையீரல் குன்றும் ஆபத்து மிக அதிகம்; 24-26 வாரத்தைத் தாண்டி உடைந்தால் அந்த ஆபத்து வெகுவாகக் குறைந்துவிடும், அப்போது குறைப்பிரசவமும் கிருமித் தொற்றும்தான் பெரிய கவலை. அடுத்தது, எவ்வளவு நீர் மிச்சம் இருக்கிறது. நீர் அதிகமாகத் தேங்கியிருக்கும் இடத்தின் ஆழம் 2 செ.மீ.க்குக் கீழே தொடர்ந்து பல நாள் நிற்கிறதா, அல்லது வடிந்தாலும் மறுபடி ஊறிக் கொஞ்சமாவது தங்குகிறதா என்று வாராவாரம் பார்ப்பார்கள். ஒரே வாரத்தில் உடைந்த இரண்டு பேரில், நீர் தங்கியவரின் குழந்தைக்கு வாய்ப்பு கூடுதல்.

நீர் இல்லாத வயிற்றில் மார்பின் ஓரம் கருப்பைச் சுவரோடு ஒட்டிக்கிடப்பதால் சுற்றளவு எடுப்பதே கஷ்டம். அதனால் இந்தச் சூழ்நிலையில் ‘நுரையீரல் நன்றாக இருக்கிறது’ என்று ஸ்கேன் பார்த்து ஒருவர் அடித்துச் சொன்னாலும், ‘வளரவே இல்லை’ என்று அடித்துச் சொன்னாலும் இரண்டையும் கொஞ்சம் தள்ளி வைத்தே கேளுங்கள்.

இரண்டு சிறுநீரகமும் இல்லை என்றார்கள். வெளியிலிருந்து நீர் ஏற்றினால் நுரையீரல் வளருமா?

வளர வாய்ப்பு உண்டு, கதை அதோடு முடிவதில்லை. அமெரிக்காவில் இப்படித் திரும்பத் திரும்ப நீர் ஏற்றிப் பார்த்த ஆய்வின் முடிவு 2023-இல் வந்தது. பிறந்த குழந்தைகளில் பெரும்பாலானோர் முதல் இரண்டு வாரத்தைத் தாண்டினார்கள், அதாவது நுரையீரல் தாக்குப்பிடித்தது. ஆனால் சிறுநீரகம் இல்லாத பச்சிளம் குழந்தைக்கு டயாலிசிஸ் செய்துகொண்டே வளர்ப்பது வேறு போராட்டம், வீடு திரும்பியவர்கள் பாதிகூட இல்லை.

மார்புக்கூடு சிறியது, கை கால் குட்டை என்கிறார்கள்.

இது எலும்பு வளர்ச்சி நோய்களில் வருவது. நுரையீரலை நேரடியாக அளக்காமல் மார்புச் சுற்றளவை வயிற்றுச் சுற்றளவால் வகுக்கிறார்கள், 0.6-க்குக் கீழே வந்தால் பிறந்த பின் மூச்சு விட முடியாது என்றே எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. தொடை எலும்பு நீளத்தை வயிற்றுச் சுற்றளவால் வகுத்து 0.16-க்குக் கீழே வந்தாலும் அதே பக்கம்தான் கை காட்டுகிறது. பக்கவாட்டில் பார்க்கும்போது மார்பு ஒடுங்கி வயிறு உப்பித் தெரிவதே அனுபவமுள்ளவர் கண்ணுக்குப் பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். சிடிஎச்சோடு ஒப்பிட்டால் இந்த வகையில் ஸ்கேனின் கணிப்பு பொதுவாகச் சரியாகவே இருக்கிறது, எந்த நோய் என்று பெயர் வைக்க மட்டும் மரபணுப் பரிசோதனை தேவைப்படும்.

நுரையீரலில் கட்டி மாதிரி இருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். இதுவும் அதே ஆபத்துதானா?

பெயரைக் கேட்டால் பயமாக இருக்கும், ஆனால் இந்தப் பட்டியலிலேயே பெரும்பாலும் நல்லபடியாக முடிவது இதுதான். சிபாம் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இந்தக் கட்டிகள் 26-28 வாரம் வரை பெரிதாகி, அப்புறம் அப்படியே நின்றுவிடும், பல சமயம் சுருங்கும். கட்டியின் கன அளவைத் தலைச் சுற்றளவால் வகுத்து வரும் எண் 1.6-க்கு மேலே போனால் குழந்தையின் உடலில் நீர் கோக்கும் ஆபத்து உண்டு, அடிக்கடி பார்க்க வேண்டும். சின்னச் சின்ன நீர்க்குமிழ்களால் ஆன பெரிய கட்டிக்குத் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் பலன் கிடைப்பதும் உண்டு.

ஸ்டீராய்டு ஊசி போட்டால் சிறிய நுரையீரல் வளர்ந்துவிடும்தானே?

வளராது. 1972-இல் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் லிக்கின்ஸ், ஹோவி என்ற இரண்டு மருத்துவர்கள் நிரூபித்த அந்த ஊசி லட்சக்கணக்கான குறைமாதக் குழந்தைகளைக் காப்பாற்றியிருக்கிறது, ஆனால் அது செய்வது முதிர்ச்சி வேலை. குறைப்பிரசவம் வரும் போல இருந்தால் சிடிஎச் குழந்தைக்கும் போடுவார்கள், அது சரிதான். ‘நுரையீரல் சிறியதாக இருக்கிறது, ஊசி போட்டாச்சு, இனி கவலை இல்லை’ என்று உறவினர் யாராவது ஆறுதல் சொன்னால் அதை நம்பி உட்கார்ந்துவிட வேண்டாம்.

மூச்சுக்குழாயில் பலூன் வைக்கும் சிகிச்சை என்கிறார்களே?

நுரையீரல் சுரக்கும் திரவம் வெளியே போகாமல் தடுத்தால் உள்ளே அழுத்தம் கூடி நுரையீரல் விரியும், வளரும், இதுதான் யோசனை. தாயின் வயிறு வழியாக மெல்லிய கேமராக் குழாயை விட்டு, குழந்தையின் வாய் வழியாக மூச்சுக்குழாயில் ஒரு சின்ன பலூனை வைத்து ஊதிவிட்டு, 34 வாரத்தில் எடுத்துவிடுவார்கள்.

பெல்ஜியத்தின் லூவன் நகரைச் சேர்ந்த யான் டெப்ரெஸ்ட் தலைமையில் பல நாடுகளில் நடந்த இரண்டு ஆய்வுகளின் முடிவு 2021-இல் வெளிவந்தது. இடப்பக்கக் கடுமையான சிடிஎச்சில், 27 முதல் 29 வாரத்தில் பலூன் வைத்த குழந்தைகளில் 40 சதவீதம் பேர் பிழைத்து வீடு திரும்பினார்கள், வைக்காத குழுவில் 15 சதவீதம். நடுத்தர வகையில் 30-31 வாரத்தில் வைத்துப் பார்த்தார்கள்: பிழைத்தவர்கள் பலூன் வைத்த குழுவில் 63 சதவீதம், வைக்காத குழுவில் 50, இந்த வித்தியாசத்தை உறுதியான பலன் என்று சொல்ல முடியவில்லை. விலையும் இருக்கிறது. கடுமையான வகை ஆய்வில் பலூன் வைத்த தாய்மார்களில் 47 சதவீதம் பேருக்குப் பனிக்குடம் முன்கூட்டியே உடைந்தது, வைக்காதவர்களில் 11 சதவீதம். குறைப்பிரசவம் வைத்தவர்களில் 75 சதவீதம், வைக்காதவர்களில் 29. பலூன் உள்ளே இருக்கும்போதே வலி வந்து, எடுக்கத் தெரிந்தவர் பக்கத்தில் இல்லை என்றால் குழந்தை மூச்சடைத்து இறந்துவிடும், அதனால்தான் பலூன் இருக்கும் வாரங்களில் தாய் அந்த மருத்துவமனை இருக்கும் ஊரிலேயே தங்க வேண்டும் என்கிறார்கள். எம்ஆர்ஐ கருவியின் காந்தப்புலத்துக்குப் பக்கத்தில் தாய் நடந்தாலே தானாக வற்றிவிடும் புது வகைப் பலூன் ஒன்றையும் ஐரோப்பாவில் சோதித்துவருகிறார்கள், அது வந்தால் இந்தத் தலைவலி குறையும்.

கவனியுங்கள், 25 சதவீதம் என்ற எல்லையை வைத்துத்தான் இந்த ஆய்வே ஆட்களைப் பிரித்தது. 24 என்று தப்பாக அளந்தால் தேவையில்லாத சிகிச்சை, 27 என்று தப்பாக அளந்தால் தேவையான சிகிச்சை கிடைக்காது. ஸ்கேன் எங்கே எடுக்கிறோம் என்பது அந்த அளவுக்கு முக்கியம்.

மொத்தத்தில் ஸ்கேன் கணிப்பு எவ்வளவு தப்பும்?

இரண்டு ஓரங்களில் குறைவாகத் தப்பும், நடுவில் நிறையத் தப்பும். சிடிஎச்சில் ஓ-பை-ஈ எல்எச்ஆர் 60 சதவீதம், கல்லீரல் கீழே, வேறு குறை இல்லை என்றால் தைரியமாக இருக்கலாம். 15 சதவீதம், கல்லீரல் மேலே என்றால் நிலைமை உண்மையிலேயே கடினம். 30, 35 என்று வருகிறவர்களுக்குத்தான் யாரும் கையில் அடித்துச் சொல்ல முடியாது.

காரணம் இருக்கிறது. நுரையீரல் குன்றியதா என்பதை உறுதியாகச் சொல்வது, இறந்த குழந்தையின் பிரேதப் பரிசோதனையில் நுரையீரல் எடையை உடல் எடையால் வகுத்துப் பார்ப்பதுதான்; 28 வாரத்துக்கு முன் 0.015-க்கும், அதற்குப் பின் 0.012-க்கும் கீழே இருந்தால் குன்றியது என்பார்கள். ஸ்கேன் அதை வெளியிலிருந்து ஊகிக்கிறது. அப்புறம், அளவு மட்டும் போதாது, நுரையீரல் இரத்தக்குழாய்கள் தடித்து இறுகியிருந்தால் பிறந்ததும் நுரையீரல் இரத்த அழுத்தம் எகிறும். ஓரளவு நல்ல எண்ணோடு பிறந்த குழந்தையையும் சில நேரம் கொண்டுபோவது இதுதான். டாப்ளரில் அதை முன்கூட்டியே கணிக்கப் பல முயற்சிகள் நடந்திருக்கின்றன, எல்எச்ஆர் அளவுக்கு எதுவும் நிலைக்கவில்லை. கடைசியாக, எண் ஒரே எண்தான், மருத்துவமனை வேறு வேறு: ஐரோப்பாவின் பெரிய மையங்களில் எடுத்த பிழைப்பு விகிதத்தை, வென்டிலேட்டரும், நுரையீரல் இரத்தக்குழாய்களைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடு வாயுவும் இரவில் குழந்தை அறுவை மருத்துவரும் இல்லாத ஊரில் அப்படியே பொருத்த முடியாது.

பனிக்குட நீர்ப் பரிசோதனை, அதாவது நீரை ஊசியால் எடுத்துச் சோதிப்பது, அவசியமா?

சிடிஎச் என்றால் ஆமாம் என்பேன். மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு இதயக் குறையோ குரோமோசோம் கோளாறோ வேறு ஏதாவதோ கூடவே இருக்கிறது. அப்படி இருந்தால் எல்எச்ஆர் எவ்வளவு நன்றாக இருந்தாலும் கணக்கு மாறிவிடும். இதயத்துக்குத் தனியாக எக்கோவும் எடுக்க வேண்டும்.

கருவைத் தொடர வேண்டாம் என்று முடிவு செய்தால் சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் 2021 திருத்தத்துக்குப் பிறகு, கருவில் கடுமையான குறை இருந்தால் 20 வாரத்தைத் தாண்டியும் 24 வாரம் வரை இரண்டு மருத்துவர்களின் ஒப்புதலோடு கலைக்கலாம். 24 வாரம் தாண்டிவிட்டால் மாநில அரசு அமைத்த மருத்துவக் குழு பார்த்து அனுமதி தர வேண்டும், கணிசமான குறை என்று குழு ஏற்றால் வார உச்சவரம்பு கிடையாது. இலங்கையில் தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டுமே சட்டம் அனுமதிக்கிறது, கருவின் குறை அதில் காரணமாகச் சேராது. தொடர்வதா வேண்டாமா என்பது உங்கள் குடும்பத்தின் முடிவு, இதில் யாரும் அவசரப்படுத்தக்கூடாது, மாமியாரும் சரி, மருத்துவமனையும் சரி. அவசரம் ஒன்றில் மட்டும்தான்: இரண்டாவது கருத்து கேட்பதென்றால் நாளையே போங்கள், வாரம் நிற்காது.

தொடர்கிறோம். எங்கே, எப்படிப் பிரசவம்?

பச்சிளம் குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவும் குழந்தை அறுவை சிகிச்சையும் ஒரே வளாகத்தில் இருக்கும் இடத்தில். பிறந்த பிறகு ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போவதைவிட, வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு போவதே பாதுகாப்பு. சிசேரியன்தான் வேண்டும் என்று கிடையாது, சுகப்பிரசவத்தைவிட அது குழந்தைக்கு மேல் என்று நிரூபணமாகவில்லை. திட்டமிட்டு, முடிந்தவரை 38-39 வாரம் வரை காத்திருந்து, பகல் வேளையில் ஆட்கள் இருக்கும்போது வலி வரவைப்பது பல இடங்களில் வழக்கம்.

சிடிஎச் குழந்தை பிறந்ததும் அழும்வரை காத்திருக்க மாட்டார்கள், முகமூடி வைத்துக் காற்று அடிக்கவும் மாட்டார்கள், ஏனென்றால் அந்தக் காற்று மார்புக்குள் இருக்கும் இரைப்பையை உப்பவைத்து நுரையீரலை இன்னும் நசுக்கும். நேராகக் குழாய் போட்டு வென்டிலேட்டர், மூக்கு வழியாக இரைப்பைக்கு இன்னொரு குழாய். ஓட்டையை அடைக்கும் ஆபரேஷன் அன்றைக்கே நடக்காது, இரத்த அழுத்தமும் ஆக்சிஜனும் நிலைப்பட்ட பிறகு சில நாள் கழித்துத்தான். ‘ஏன் இன்னும் ஆபரேஷன் செய்யவில்லை’ என்று வெளியே காத்திருப்பவர்கள் பதறுவார்கள், முன்பே சொல்லி வையுங்கள்.

நிறையத் தண்ணீர் குடித்தால், மூச்சுப் பயிற்சி செய்தால் குழந்தையின் நுரையீரல் வளருமா?

வளராது. தண்ணீர் குடிப்பது நல்லது, நீர் லேசாகக் குறைந்திருந்தால் சற்று ஏறவும் ஏறும். பனிக்குடமே உடைந்திருக்கும்போதோ சிறுநீரகமே இல்லாதபோதோ அது உதவாது. கிரகணத்தன்று வெளியே போனதால், பப்பாளி தின்றதால், ஸ்கூட்டரில் போனதால் உதரவிதானத்தில் ஓட்டை விழுவதும் கிடையாது. அது மூடிக்கொள்ள வேண்டிய காலம் கரு உருவான முதல் இரண்டரை மாதம், பலருக்கு வாந்தியே அப்போதுதான் ஆரம்பித்திருக்கும்.

அடுத்த குழந்தைக்கும் வருமா?

வேறு குறை எதுவும் இல்லாத சிடிஎச் என்றால் மறுபடி வர வாய்ப்பு 2 சதவீதம் அல்லது அதற்கும் கீழே. மரபணுக் கோளாறோடு சேர்ந்து வந்திருந்தால் அந்தக் கோளாறைப் பொறுத்து மாறும், சிலவற்றில் நாலில் ஒன்று வரைகூடப் போகும். இரண்டு சிறுநீரகமும் இல்லாமல் பிறந்திருந்தால் தாய் தகப்பன் இருவரும் தங்கள் வயிற்றுக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது நல்லது, ஒரே சிறுநீரகத்தோடு தெரியாமலே வாழ்கிறவர்கள் உண்டு. எல்லா ஸ்கேன் படங்களையும், நீர்ப் பரிசோதனை முடிவையும், குழந்தையை இழந்திருந்தால் பிரேதப் பரிசோதனை அறிக்கையையும் ஒரே ஃபைலில் போட்டு வையுங்கள், அடுத்த முறை 12 வாரத்திலேயே அதை எடுத்துக்கொண்டு மரபணு ஆலோசகரையும் சிசு மருத்துவரையும் பார்க்கலாம்.